பச்சை வந்த பக்கம்

எதையுமே சேர்க்காத தட்டில் பச்சை தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், கட்டடத்தில் வேறு யாருமில்லை. ஜன்னலே இல்லாத நுண்ணோக்கி அறையின் இருட்டில், குளிர்பெட்டியின் முனகலும் ஸ்பிரிட் வாடையும் சூழ, அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டில் இருந்தவை அவள் தம்பியின் சிறுநீரகச் செல்கள். பரிசோதனைக்கு எடுத்த துணுக்கிலிருந்து வளர்த்தவை. உடம்பில் காயமோ கிருமியோ என்றால் அழற்சிச் சமிக்ஞை கிளம்பும். அது தொட்டதும் செல்லுக்குள் தூங்கும் கைனேஸ் என்ற நொதி விழித்துக்கொள்ளும். விழித்தால் பச்சையாக ஒளிரும்படி அவள்தான் செய்து வைத்திருந்தாள். தம்பியின் சிறுநீரகத்தை உள்ளிருந்தே அரிப்பது அந்த நொதிதான்; அதை அடக்கிவிட்டால் சிறுநீரகம் தப்பிக்கும் என்று வருடக்கணக்காக மல்லுக்கட்டுகிறாள்.

ஆனால் இந்தத் தட்டில் அவள் எந்தச் சமிக்ஞையையும் சேர்க்கவில்லை.

கதவுப் பக்கத்து ஓரத்தில் தொடங்கிய பச்சை, அலையாகப் பரவி அடங்கியது. கைதவறி ஏதாவது பட்டிருக்கும் என்று தட்டை அரைவட்டம் சுழற்றி வைத்தாள். மறுபடியும் கதவுப் பக்கத்திலிருந்தே வந்தது. வேறு செல்கள். அதே பக்கம்.

பிறகு அலை மெல்ல இடம் மாறியது. கதவு. காலி நாற்காலி. அவள் முதுகுப்புறம்.

பிடரியில் மூச்சு பட்டாற்போல் ஈரச்சூடு.

திரும்பினாள். யாருமில்லை.

அடுத்த அலை அவள் இருந்த பக்கத்திலிருந்தே கிளம்பியது. எழுந்து மேசையின் மறுபக்கம் போனாள். பச்சையும் கூடவே வந்தது.

செல்பேசி அடித்தது. தம்பி.

“அக்கா, கூட்டிட்டுப் போக வந்தேன். கீழதான் இருக்கேன், மேல வரட்டுமா?”

“வராதடா. வீட்டுக்குப் போ.”

“என்னக்கா, குரலே ஒரு மாதிரியா இருக்கு? இரு, வரேன்.”

கதவு திறந்தது. அவன் நின்ற பக்கம் தட்டு கறுப்பாகவே இருந்தது.

“இருட்டுலயே கெடந்து காளானாயிடப் போற” என்று சிரித்தபடி உள்ளே வந்தவன், சட்டென்று விலாவைப் பிடித்துக்கொண்டான். “அக்கா… எரியுது…”

தாங்கப் போனாள். ஓரடி வைத்தாள். அவன் அலறிச் சுவரோடு சரிந்தான்.

பின்வாங்கினாள். அவனுக்கு மூச்சு வந்தது.

அது இப்போது இருப்பது தனக்குள் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ‘ஓடுடா’ என்று கத்த வாயைத் திறந்தாள்.

“ஒண்ணுமில்லடா, பயப்படாத” என்றது அவள் வாய். “அக்கா இருக்கேன்ல?”

நிற்க நினைத்தாள். கால்கள் நிற்கவில்லை. சுவரோடு சுருண்டு கிடந்த தம்பியை நோக்கி, நிதானமாக, அவை நடந்தன.