ஒற்றைத் தடத்தில் ஒரு பிணம்

செல்போன் அலறியது!

ஸ்டேஷன் மாஸ்டர் அருணா எடுத்தாள். தண்டவாளம் பார்க்கப் போயிருந்த தம்பி சரவணக்குமார்.

"அக்கா... பாலத்தடியில மேனேஜர் பாலாஜி செத்துக் கெடக்காரு! மண்டை பொளந்து..."

"தொடாதடா!"

"தொட்டுட்டேன்க்கா... உசுரு இருக்கான்னு பார்த்தேன்!"

நேற்றுதான் அத்தனை பேர் முன்னாலும் பாலாஜியின் சட்டையைப் பிடித்திருந்தான், இந்த அவசரக்குடுக்கை!

வல்லத்திராக்கோட்டைக் கிளைப் பாதையைச் செப்பனிட்டு, பழைய ரயில் பஸ்ஸை மறுபடி ஓட்டப் போகிறார்கள். அந்த வேலைக்குத்தான் பாலாஜி மேனேஜர். ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. இன்று வெள்ளோட்டம். ரிட்டயர்டு டிரைவர் அறிவுச்செல்வன் தனியாக ஓட்டிப் போய்த் திரும்பி, சற்று முன்புதான் டோக்கனை ஒப்படைத்தார்.

இரும்பு வளையம், அதில் தொங்கும் தோல் பை, பைக்குள் பித்தளை டோக்கன். அது கையில் இல்லாமல் ஒற்றைத் தடத்தில் வண்டி நகரக் கூடாது.

ஒரு மணி நேரத்தில் இன்ஸ்பெக்டர் மாஹிரா பிணத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். பின்னால், இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவே சரவணக்குமார்!

"தம்பி கையில ரத்தம். நேத்து சண்டை. வேற என்னங்க வேணும்?"

"அவன் கோவக்காரன் மேடம். கொலைகாரன் இல்ல!"

"ஜெயில்ல பாதிப் பேரு கோவக்காரங்கதாங்க."

மாஹிரா பெஞ்சில் உட்கார்ந்து, காக்கி பேண்ட்டில் அப்பியிருந்த நாயுருவி விதைகளைப் பிய்த்தாள்.

"பாலத்தடி பூரா இந்தச் சனியன்தான்... டிரைவர் சார், நீங்க எதையும் பார்க்கலையா?"

"தண்டவாளத்தப் பார்ப்பேனா, பாலத்தடியப் பார்ப்பேனாங்க? நடுவுல எங்கயும் எறங்கல!" என்றார், இன்னும் கிளம்பாமல் நின்ற அறிவுச்செல்வன்.

அருணாவின் பார்வை நாயுருவியில் நின்றது. சுவரில் தொங்கிய டோக்கனுக்குத் தாவியது.

எழுந்து நின்றாள்!

"மேடம்... அந்தத் தோல் பைக்கு அடியில பாருங்க!"

கொத்தாக நாயுருவி!

"காலைல நான்தான் பையத் தொடைச்சுக் குடுத்தேன். ரெண்டு கோடியிலயும் பிளாட்ஃபாரம் சிமெண்ட்டுத் தரை. வண்டிய விட்டு எறங்குனா டோக்கனக் கையோட எடுத்துட்டுப் போகணும்னு ரூல். முப்பத்தஞ்சு வருச சர்வீஸ்ல அறிவண்ணன் அத மீறுனதே இல்ல. இன்னிக்கும் தோள்ல மாட்டிக்கிட்டேதான் பாலத்தடிக்குப் போயிருக்காரு!"

அறிவுச்செல்வனின் முகம் வெளுத்தது. பேண்ட்டைத் தட்டிவிட்ட மனிதர் பையை மறந்திருந்தார்.

"திறப்பு விழா வண்டிய வேறொருத்தன் ஓட்டுவான்னு பாலாஜி சிரிச்சுக்கிட்டே சொன்னான்... கையில ஸ்பேனர் இருந்துச்சு..."

போலீஸ்காரர்கள் சரவணக்குமாரை விட்டார்கள். அருணா அவன் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள். அப்புறம்தான் அழுதாள்.

வாசல் வரை போன அறிவுச்செல்வன் நின்றார்.

"அருணா... டோக்கன் வாங்குனதுக்கு ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டுட்டியா?"

மாஹிரா விலங்கை மாட்டினாள்.

"அத ஒப்படைச்சாச்சுல்ல? இந்தாங்க, புது வளையம்... எங்க ஸ்டேஷன் வரைக்கும் லைன் கிளியர்!"