துரையின் மீசை

"உன் பூனை ஒரு மீசைமுடி கொடுக்குமாடி?" என்று சித்தி ஒருநாள் என்னிடம் கேட்டாள்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. எங்கள் பூனையின் பெயர் துரை. கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்காது. அதனால்தான் அந்தப் பெயர்.

"எதுக்குச் சித்தி?"

சித்திக்கு ஆய்வுக்கூடத்தில் படிகம் வளர்க்கிற வேலை. அந்தத் தடவை படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, ஊசிக் கொத்துப்போல வளர்ந்துவிட்டனவாம்.

"எக்ஸ்-கதிர் படம் எடுக்க ஒத்தைப் படிகம் வேணும். பூனை மீசை மெல்லிசா, விறைப்பா இருக்கும்; அதோட நுனியால பழைய படிகத்தைத் தொட்டுட்டு, புதுக் கரைசல் துளியில ஒரு கோடு இழுக்கணும். ஒட்டின தூள் விதை மாதிரி நின்னு, தனித்தனியா வளரும். அடுத்த வாரம் மெஷின்ல எங்க முறை. விட்டா, அப்புறம் எப்பக் கிடைக்குமோ!"

அண்ணன் கத்தரிக்கோலோடு வந்தான். "நறுக்குன்னு ஒண்ணு. அதுக்குத் தெரியவா போகுது?"

"இருட்டுல அது மீசையாலதான் வழி பாக்கும். உன் கண்ணாடியை ஒளிச்சு வைக்கட்டுமா?" என்றேன்.

கத்தரிக்கோல் மேசைக்குத் திரும்பியது.

உதிர்ந்த மீசை கிடைக்குமா என்று கட்டிலுக்கடியில் தவழ்ந்து தேடினேன். தும்மல்தான் வந்தது.

"அப்படியே பெருக்கிட்டு வந்துடு" என்றாள் அம்மா.

கீழே விழுந்தால் துடைப்பத்தோடு போய்விடும். விழுவதற்கு முன்பே பிடிக்க வேண்டும்! துரை தினமும் அப்பாவின் நாற்காலிக் காலில் கன்னத்தைத் தேய்க்கும். அந்தக் காலுக்கு என் பழைய கம்பளிக் காலுறையை மாட்டினேன்.

"நாற்காலிக்குக் குளிருதாம்மா?" என்றார் அப்பா.

சித்தி வந்து வந்து காலுறையைப் பார்த்தாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. ஒரு காலையில், கம்பளியில் கெட்டியான வெள்ளை முடி ஒன்று சிக்கியிருந்தது. சித்தி அதைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு ஓடியே போனாள். காலை உணவுகூடச் சாப்பிடவில்லை.

பல நாள் கழித்து ஒரு படத்தோடு வந்தாள். மலைகளின் வரைபடம்போல, வளையத்துக்குள் வளையம்.

"ஒத்தைப் படிகம் கிடைச்சுதுடி! எக்ஸ்-கதிர் அதுல பட்டுச் சிதறி, புள்ளி புள்ளியா விழுந்துச்சு. அதைக் கணக்குப் போட்டா, எலக்ட்ரான் எங்கெங்க அடர்த்தியா இருக்குன்னு தெரியும். இந்த மேடு ஒவ்வொண்ணும் ஒரு அணு."

துரை போய் எத்தனையோ வருடங்களாகிவிட்டன. அந்தக் காலுறையை மட்டும் யாரும் கழற்றவில்லை. எங்கள் வீட்டு நாற்காலிக்கு இன்றும் மூன்று கால்கள் வெறுங்கால்தான்.

சித்தி படம் கொண்டுவந்த அன்று, அதைத் துரையின் முன்னால் விரித்தேன். "பாரு துரை, எல்லாம் உன்னாலதான்!"

துரை அதை முகர்ந்தது. மலைகளின்மேல் சற்று நேரம் உட்கார்ந்து பார்த்தது. பிறகு வாலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.