ஒன்று கூட்டினால் உயிர்!

டெலிபோன் அலறியது.

ஆர்.எஸ்.புரம் வீட்டில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த கணக்கு டீச்சர் கயல்விழி ரிசீவரை எடுத்தாள்.

"டீச்சருங்களா? காங்கேயத்துல இருந்து சென்னியம்மாள் பேசறேனுங்க... ஆயில் மில் அப்புசாமி ஊட்டுல..."

"சொல்லுங்கம்மா."

"ஊட்டுக்காரரு லாக்கர் ரூமுக்குள்ள மாட்டிக்கிட்டாருங்க! நம்பரு போட்டாத்தான் கதவு தொறக்குமுங்க!"

கயல்விழி பேனாவைக் கீழே போட்டாள். அந்த நம்பரைக் கொடுத்ததே அவள்தான்! 'எந்த நம்பரும் உள்ள நுழைய முடியாத நம்பரா ஒண்ணு வேணுமுங்க' என்று போன மாதம் அப்புசாமி வந்து நின்றார். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாத பகா எண்ணாகப் பார்த்து எழுதிக் கொடுத்திருந்தாள்.

பதினொரு இலக்கம்!

"அமுக்குங்கம்மா! எட்டு... ஏழு... ஒண்ணு... ஏழு... எட்டு... ரெண்டு... ஒம்போது... ஒண்ணு... ஒண்ணு... ஒம்போது... ஒம்போது!"

கார்ட்லெஸ் போனில் பதினொரு 'பீப்' கேட்டது.

"தொறக்கலீங்க!"

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அப்புசாமியின் ஈனக்குரல்...

"வேண்டா... டீச்சர்... வேண்டா...!"

கயல்விழி ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அம்மா! தொறக்க வேண்டாங்கறாரே! உள்ள வேற யாரோ இருக்கான்! கழுத்துல கத்தி வெச்சிருக்கான்!"

"அய்யோ! சீக்கிரம் நம்பரைச் சொல்லுங்க டீச்சர்!"

எண் தப்பில்லை. அப்புசாமிதான் எதையோ மாற்றியிருக்க வேண்டும். எதை? ஏன்?

"அம்மா, உங்க காரு நம்பர் என்ன?"

"உசுரு போற நேரத்துல காரு நம்பருங்களா? நாலு ரெண்டு ஆறு ஆறுங்க. கூட்டினா ஒம்போது வரோணும் அவருக்கு. காளை வாங்கறதுக்குக்கூட ஒம்போது வர்ற தேதிதானுங்க! எட்டு வந்தா ஊட்டுக்குள்ளயே சேர்க்கமாட்டாரு."

கயல்விழி அவசரமாகத் தன் எண்ணைக் கூட்டினாள். அறுபத்திரண்டு. ஆறும் இரண்டும்...

எட்டு! அடப்பாவி மனுஷா!

"ஒண்ணைக் கூட்டிப் போடுங்கம்மா! கடைசி மூணு நம்பர் மட்டும் ரெண்டு, சைபர், சைபர்!"

ஒன்றைக் கூட்டியதும் அந்த எண் ஒன்று முதல் பதினாலு வரை எல்லாவற்றாலும் வகுபட்டது. எவனும் நுழைய முடியாத கோட்டையைச் சந்தைப்பேட்டை ஆக்கிவிட்டிருந்தார் அப்புசாமி!

டக்!

"தொறந்துருச்சுங்க!"

"முதல்ல போலீஸுக்கு..."

"எதுக்குங்க?" சென்னியம்மாள் குரலில் பதற்றம் சுத்தமாக வடிந்திருந்தது. "அவருக்குச் சக்கரை முன்னூத்தம்பதுங்க. உள்ள மூணு கிலோ மைசூர்பாகை ஒளிச்சு வெச்சிருக்காரு! ஒரு மாசமா நம்பரைக் கேக்கறேன், வாயைத் தொறக்கலீங்க. இன்னைக்கு உள்ள போனப்ப கதவைச் சாத்துனதே நான்தானுங்க!"

"என்னது?! மூச்சு முட்டியிருந்தா?"

"எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுதுங்களே!"

"அப்ப... 'வேண்டா வேண்டா'ன்னு கத்தினது?"

"நம்பரைச் சொல்லிப்போடாதீங்கன்னு உங்களைக் கெஞ்சுனாருங்க!"

கயல்விழி தலையில் கை வைத்தாள்.

"அய்யய்யோ... நாளைக்கே புது நம்பர் கேட்டு வந்து நிப்பாரே!"

"தாராளமாக் குடுங்க டீச்சர்! எனக்கும் ஒரு போன் போட்டு அதைச் சொல்லிப்போடுங்க. ஒம்போது வர்ற வரைக்கும் கூட்டிக்கறதை நான் பாத்துக்கறேனுங்க!"