இருபத்திரண்டு சங்குகள் பதித்த பிரேம்

கைவினை மனிதகுலத்தின் துயரங்கள் அனைத்தையும் ஆற்றவல்லது. கடல் எடுத்துச் சென்றதைக் கலை திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கும் என்று கைவினை வகுப்பு நடத்தும் ராஜகுமாரி மேடம் டாலிகஞ்ச் சமுதாயக் கூடத்து மேடையில் அறிவித்தார். பிறகு மைக்கை அடுத்தவரிடம் கொடுக்கப் பார்த்தார். முடியவில்லை. செயல்விளக்கத்தின்போது விரலில் வழிந்த பசை காய்ந்து, மைக் உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிரித்தெடுக்கக் கால் லிட்டர் தேங்காயெண்ணெயும் இரண்டு ஆண்களும் தேவைப்பட்டார்கள்.

அமுதம் மட்டும் அன்று சிரிக்கவில்லை. மேடம் சொன்னதை அவள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். பன்னிரண்டு நாள் கழித்து, பத்துபஸ்தி வீட்டின் முன்னறையில் நின்று சுவரைப் பார்த்தபோது அந்த வரிதான் நினைவுக்கு வந்தது. பிரேம் இடது பக்கம் சாய்ந்திருந்தது.

விமானம் இறங்கினால், ஓடுபாதையை ஒட்டிய பத்துபஸ்தியில் எல்லா வீட்டுப் பாத்திரமும் ஒரு ஆட்டம் ஆடி நிற்கும். படங்கள் சாய்வதும் புதிதல்ல. ஆனால் கடைசி விமானம் மதியத்தோடு போய்விட்டது. மூன்று மணிக்கு அவள் பிரேமை நேராக்கினாள். நான்கு மணிக்கு அது மறுபடியும் சாய்ந்திருந்தது. இந்த முறை வலது பக்கம்.

பிரேமுக்குள் இருந்தவள் ஷீபா, அமுதத்தின் கணவன் மிக்கேலின் ஒரே தங்கை. நான்கு வருடத்துக்கு முன் ஹட்பே தீவில் சுனாமி அலை அடித்த காலையில் போனவள். அப்போது அவளுக்கு வயது இருபத்திரண்டு. முன்பற்கள் இரண்டும் கொஞ்சம் பெரியவை என்பதால் எந்தப் படத்திலும் சிரிக்காமல் இருக்க அவளால் முடிந்ததில்லை. வயதுக்கு ஒன்றாக இருபத்திரண்டு சங்குகளை அமுதம் பிளைவுட் பலகையின் ஓரத்தில் வரிசையாக ஒட்டியிருந்தாள். "சிம்பாலிக்கா இருக்கு" என்று போட்டியன்று ராஜகுமாரி மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சங்குகளின் வாய் உள்நோக்கி இருக்க வேண்டும் என்பது மேடம் சொன்ன முறை. அமுதம் தாமரை இதழ் போலத் தெரியட்டும் என்று வெளிநோக்கி வைத்தாள். ஒட்டுவதற்கு முன் இருபது நிமிடம் கொதிக்க வைக்க வேண்டும் என்றும் மேடம் சொல்லியிருந்தார். மேடத்தின் வீட்டில் சிலிண்டர் எப்போதும் இரண்டு இருக்கும். அமுதத்தின் சிலிண்டர் மெயின்லேண்டிலிருந்து வரும் கப்பலில் இருந்தது. கப்பல் எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. அதனால் சங்குகளை ஒரு நாள் மொட்டை வெயிலில் காயவைத்தாள். கார்பின்ஸ் கோவ் கரையில் அவளே பொறுக்கியவை. வெயிலில் அவை அசையவில்லை. அதுவே போதுமென்று தோன்றியது.

பின்பக்கத்தில் மேடம் கையெழுத்துப் போட்ட சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது. அதைக் கத்தியால் சுரண்டிப் பார்த்தாள். அதே பசை, வரவில்லை. பிரேமின் பின்பக்கத்தை யாரும் பார்க்கத் தேவையில்லை என்று முடிவு செய்து, சுவரோடு இறுக்கி மாட்டிவிட்டாள்.

"அக்கா, உள்ள மீனு ஏதாச்சும் செத்துக் கெடக்குதா?" சுகுணா மதில் மேல் தலையை நீட்டினாள். கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக் குடும்பம் அவளுடையது. அலைக்குப் பிறகு இங்கே வந்து பக்கத்து வீட்டில் குடியேறியவள். "மூணு நாளா ஒரே பத்பூ, நாத்தம் தாங்கல. எங்க வூட்டுக்காரரு சோத்துத் தட்டைத் தூக்கிக்கிட்டு ரோட்டுக்குப் போறாரு."

"கடல் காத்து சுகுணா."

"கடலு நம்ம வீட்டுக்குள்ளயா இருக்கு? ஒங்க வீட்டுலருந்துதான் வருது. பிரைஸ் வாங்குன பிரேமா இருக்கப் போவுது!" அவள் சிரித்தாள். "ஃபர்ஸ்ட் பிரைஸு வாசன புடிக்குது, அரே!"

அமுதமும் சிரித்துவைத்தாள். உள்ளே வந்து ஊதுபத்தி ஏற்றினாள். மல்லிகை வாசனைக்கு அடியிலிருந்து அந்த நாற்றம் மெதுவாக எழுந்து வந்தது: உப்பு, சேறு, நாள்பட்டுப் போன இறைச்சி. நாற்றம் அவளுக்குப் புதிதல்ல. ஹட்பேயில் அலை வடிந்த மூன்றாம் நாள் தென்னந்தோப்பு முழுக்க அதுதான் இருந்தது.

நாலரைக்குப் போன் அடித்தது. தீவுகளுக்கிடையே ஓடும் கப்பலில் மிக்கேல் எஞ்சினுக்கு எண்ணெய் போடும் கிரீஸர். எஞ்சின் சத்தத்திலேயே வாழ்ந்தவன் என்பதால் போனிலும் கத்தித்தான் பேசுவான்.

"பிள்ள! கப்பல் ஜெட்டிக்கு வந்துருச்சு. ஆட்டோ புடிச்சு ஒரு மணி நேரத்துல வந்துருவேன். ஃபர்ஸ்ட் பிரைஸ்னு எஞ்சின் ரூம்ல எல்லார்ட்டயும் சொல்லிட்டேன், கேட்டியா? சீஃப் சாப் கூட பஹுத் அச்சான்னார்."

"அத எதுக்குங்க ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு."

"சொல்லாம? நீ அவ கைய கடைசி வரைக்கும் விடலன்னு சொன்னேன். வீல் புடிக்கிற சுக்கானி அழுதுட்டாம்ப்பா." குரல் உடைந்தாலும் சத்தம் குறையவில்லை. "மெழுகுத்திரி வாங்கிட்டு வாரேன். படத்துக்கு முன்னால நானே ஏத்துறேன்."

போன் அணைந்தது. அமுதம் அதைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

அந்தக் கதையை அவள் முதலில் நிவாரண முகாமில் சொன்னாள். ஒரே வரிதான்: "கையப் புடிச்சிருந்தேன், அலை புடுங்கிருச்சு." பிறகு பாதிரியாரிடம் சொன்னபோது இரண்டு வரியானது. மேடத்தின் போட்டி மேடையில் அது பத்து நிமிடம் ஓடியது. நடுவில் இரண்டு இடத்தில் கைத்தட்டல்கூட உண்டு. குதிகாலில் இருந்த தழும்பைக் காட்டி, பவளப்பாறை கிழித்தது என்றாள். சொல்லச் சொல்ல அவளுக்கே நன்றாக வரத் தொடங்கியது. மிக்கேல் இந்த வீட்டில் அவளோடு இருப்பதும், தூக்கத்தில் அழுதுகொண்டே அவள் கையைத் தேடிப் பிடிப்பதும் அந்தக் கதையின் மேல்தான். அது போனால் எல்லாம் போகும்.

ஐந்து மணிக்கு இருட்டியது. தீவில் டிசம்பர் மாத இருட்டு எப்போதும் அப்படித்தான். வெளிச்சம் ஆபீஸ் முடிந்த குமாஸ்தா போலச் சட்டென்று கிளம்பிவிடும். அதோடு கரண்டும் போனது. தெரு முழுக்க "அரே யார்!" என்று ஒரு சலிப்புக் குரல் எழுந்து அடங்கியது. மின்விசிறி சுற்றி ஓய்ந்து நின்ற பிறகு, தகரக் கூரை வெயில் தணிந்து சுருங்குகிற சத்தமும் எங்கோ ஒரு ஜெனரேட்டரின் உறுமலும் தூரத்து நாயும் ஒவ்வொன்றாகப் பின்வாங்கிப் போக, அவற்றுக்கு நடுவே, முன்னறைச் சுவரில், மிக அருகில், நகத்தால் பலகையைச் சுரண்டுகிற சத்தம் ஒன்று நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

கிறீச். நிறுத்தம். கிறீச்.

அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். பலாமரப் பட்டையில் கேட்ட சத்தம். அவள் மேல் கிளையில் இருந்தாள். கீழே கறுப்பாகத் தண்ணீர் ஓடியது. கதவுகள், மாடுகள், ஒரு முழுக் கூரை எல்லாம் அதில் போயின. ஷீபா ஒரு கையால் பட்டையைப் பிறாண்டிக்கொண்டு, மறு கையால் அவள் கணுக்காலைப் பற்றித் தொங்கினாள். "மைனி, விட்டுராத மைனி." கிளை அடியில் பிளக்கத் தொடங்கியது. அந்தக் கிளையில் ஒருத்திக்குத்தான் இடம் இருந்தது. முதல் உதை தோளில். இரண்டாவது நெற்றியில். மூன்றாவது, குதிகாலால், வாயில்.

தழும்பில் இரண்டு பல்லின் தடம் இருந்தது. பக்கத்துப் பக்கத்தில். கொஞ்சம் பெரியவை.

சமையலறையில் தீப்பெட்டி கிடைக்க நேரமானது. மெழுகுத்திரித் துண்டைப் பற்றவைத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். சுவரில் ஆணி இருந்தது. பிரேம் இல்லை.

விழுந்த சத்தம் கேட்கவேயில்லை.

மேசையடியில் பார்த்தாள். நாற்காலிக்குப் பின்னால் பார்த்தாள். ஈரமான ஏதோ ஒன்று சிமெண்டுத் தரையில் சர்ரென்று இழுபட்டது. நின்றது. திரும்பவும் இழுபட்டது. சுடரைத் தாழ்த்தினாள்.

ஷீபா தரையில் மல்லாந்து கிடந்தபடி அவளை நோக்கி வந்துகொண்டிருந்தாள்.

பிரேம் நடந்தது. இருபத்திரண்டு சங்குகளின் வாயிலிருந்தும் சிவந்த கால்கள் முளைத்துத் தரையைத் தட்டின. நண்டுகள். செத்தவை போல உள்ளே சுருண்டு, ஒரு நாள் வெயிலையும் பல நாள் பட்டினியையும் தாண்டிப் பிழைத்துக் கிடந்த சங்கு நண்டுகள். சில அழுகி ஒழுகின. மற்றவை அவற்றையும் சேர்த்து இழுத்தன.

அமுதத்துக்குச் சிரிப்பு வந்தது. சத்தமாகவே சிரித்தாள். நண்டு! வெறும் நண்டு! சுகுணாவிடம் சொன்னால் ஒரு வாரம் சிரிப்பாள். சிலிண்டர் வராததால் வந்த வினை. ஆணி அடித்த சுத்தியல் ஜன்னல் திட்டில் இருந்தது, அதை எடுத்துக்கொண்டாள்.

அவள் இடது பக்கம் நகர்ந்தாள். பிரேமும் இடது பக்கம் திரும்பியது.

சிரிப்பு நின்றது.

வலது பக்கம் நகர்ந்தாள். அதுவும் திரும்பியது.

மெழுகுத்திரியைத் தரையில் ஊன்றிவிட்டு அடித்தாள். முதல் சங்கு நொறுங்கித் தெறித்தது. வெள்ளையாகக் குழம்பு வழிந்தது. இரண்டாவது. மூன்றாவது. கால்கள் தனியாகத் துடித்தன. ஒரு கொடுக்கு அவள் புடவை ஓரத்தைக் கவ்வியது. அதோடு சேர்த்துத் தரையில் அடித்தாள். நாற்றம் தொண்டைக்குள் இறங்கியது. அடித்தாள். முழங்கைவரை சகதி. சங்குச் சில் ஒன்று கன்னத்தைக் கிழித்தது. அடித்தாள். ஒரு பக்கம் முழுக்கக் கூழானது. மறு பக்கத்துக் கால்கள் மட்டும் இழுத்தன. பிரேம் இன்னும் வந்தது. வழுக்கிய சுத்தியல் கையைவிட்டுப் போனது.

அவள் பின்வாங்கினாள். முதுகில் சுவர்.

கால் தானாக உயர்ந்தது. குதிகால் தானாக இறங்கியது.

கண்ணாடி உடைந்தது. கால் உள்ளே போனது. காகிதத்தைத் தாண்டி, பலகை இருக்க வேண்டிய இடத்தில் பலகை இல்லை. ஈரம். வெதுவெதுப்பு. பிறகு ஒரு கவ்வல்.

பழைய இடத்தில். அதே இரண்டு தடத்தில்.

இழுத்தாள். வரவில்லை. கீழே விழுந்தாள். சுடர் அவள் கால் பக்கமாய்ச் சாய்ந்து எரிந்தது. எல்லாப் படத்திலும் சிரித்தவள் இந்தப் படத்தில் இப்போது சிரிக்கவில்லை. ஷீபாவின் உதடுகள் அமுதத்தின் குதிகாலைச் சுற்றி மூடியிருந்தன. கன்னம் உப்பியிருந்தது. கண்கள் மேலே பார்த்தன. கெஞ்சிய கண்கள்.

"விடுடி."

விரல் நுனியில் சுத்தியல் தட்டுப்பட்டது.

"ஷீபா, விடுடி."

அடித்தாள். படத்தின் நெற்றியில். பிடி இறுகியது. படத்தின் வாயில். தன் எலும்பு நொறுங்குகிற சத்தம் அவளுக்கே கேட்டது. வலியில்லை. அதனால் மீண்டும் அடித்தாள்.

"கிளை தாங்காதுடி. மூணு தடவ உதைச்சும் விடலியே நீ. விடுடி. அவரு வாராருடி."

கதவு திறந்திருந்தது. எப்போது என்று தெரியவில்லை. டார்ச் வெளிச்சம் முதலில் சுத்தியல் மேல் விழுந்தது. பிறகு காலின் மேல். கணுக்காலுக்குக் கீழே கால் என்று சொல்ல அதிகம் மிச்சமில்லை. இருந்ததைச் சுற்றி நான்கைந்து சிவந்த நண்டுக் கால்கள் இன்னும் பொறுமையாகத் தரையைத் தட்டிக்கொண்டிருந்தன. மெழுகுத்திரிப் பொட்டலம் கீழே விழுந்து பிரிந்தது.

"மூணு தடவையா?" என்றான் மிக்கேல். கத்தாமல் அவன் பேசி அவள் கேட்டது அதுவே முதல் முறை.

பதில் சொல்ல வாயெடுத்தாள். கை அதற்குள் இன்னொரு முறை ஓங்கி இறக்கியது. பிரேம் அவள் காலோடு புரண்டு, பின்பக்கத்தை வெளிச்சத்துக்குக் காட்டியது. உள்ளே ஏதோ ஒன்று மென்று விழுங்குகிற சத்தம் நிற்கவில்லை.

டார்ச் அங்கேயே நின்றது. பலகை முழுதாக இருந்தது. ஒரு விரிசல்கூட இல்லை. அதன் நடுவில், கத்தி சுரண்டிய தடங்களுக்கிடையே, ராஜகுமாரி மேடத்தின் சீட்டு பத்திரமாக ஒட்டியிருந்தது.

ஆறுதல் பரிசு.

போட்டிக்கு வந்தவை மொத்தம் நான்கு.