இடப்பக்கத்தில் இருப்பவள்

அவர் இடது பக்கம் திரும்பினார்.

பக்கவாதம் வந்த இரண்டு மாதத்தில் கழுத்து ஒருமுறைகூட அந்தப் பக்கம் போனதில்லை. இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே அவர் மூளைக்கு மறந்துவிட்டது, நீங்கள் அங்கேயே உட்காருங்கள், தேடித் திரும்பட்டும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து மனைவி அங்கேதான் தவம் கிடக்கிறாள். கெஞ்சினாள், அதட்டினாள், சட்டையைப் பிடித்து இழுத்தாள். மனுஷன் அசையவில்லை. இப்போது மட்டும், கண்ணை மறைத்த அந்தக் கறுப்பு விஆர் கண்ணாடிக்குள் எதையோ பார்த்துத் திரும்பிச் சிரிக்கிறார்.

அவர் பார்ப்பதெல்லாம் ஆஸ்பத்திரி அறையின் கம்ப்யூட்டர் திரையிலும் தெரிந்தது. கம்ப்யூட்டர் வரைந்த சமையலறை. ஒரு கப் டீ போட வேண்டும். வேலைகளை வரிசையாக யோசிக்கிறாரா என்று பார்க்கும் சோதனை. ஸ்பீக்கரில் தண்ணீர் கொதித்தது, ஏசி உறுமியது, மருந்து நெடிக்கு நடுவே லேசாக ஒரு சோப்பு வாசனை வந்தது. அவள் போடும் சோப்பு அல்ல.

“ரெண்டு கப் எடுத்துட்டார். ஒண்ணுதான் கேட்டோம்,” என்று சோதனை நடத்தும் பெண் குறித்துக்கொண்டாள்.

“உள்ள வேற யாராவது இருக்காங்களாம்மா?”

“இதுல ஆளே கிடையாது மேடம்.”

அவர் ஒரு கப்பை இடப்பக்கம் நீட்டி, “சூடு, பாத்து,” என்று குழறினார்.

இருபத்தாறு வருஷத்தில் அவளுக்கு ஒரு வாய்த் தண்ணீர் எடுத்துக் கொடுத்ததில்லை. வயிறு எரிந்தது. இல்லாத ஒருத்தி மேல் பொறாமையா என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் எரிந்தது.

அந்தப் பெண் ரிப்போர்ட் எடுக்க வெளியே போனதும் அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள். அவர் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றினாள்.

“எவள்னு நானும் பாக்குறேன்.”

இரண்டடி தள்ளி நின்று மாட்டிக்கொண்டாள்.

சமையலறை. மேஜையில் இரண்டு கப். ஒன்று காலி. சோப்பு வாசனை இன்னும் அடர்த்தியாக.

இடது பக்கம் திரும்பினாள். ஒரு நாற்காலி, பின்னால் தள்ளியிருந்தது. யாரோ இப்போதுதான் எழுந்து போனமாதிரி.

எங்கே போனாள்?

முதுகுக்குப் பின்னால் கணவரின் குரல். குழறல் இல்லை. பழைய குரல்.

“அவ எழுந்துட்டா. நீ வந்து உக்காரு.”

கண்ணாடியைப் பிடுங்கித் திரும்பினாள்.

அவர் கழுத்தை இடப்பக்கம் முழுதாகத் திருப்பி, அவள் எழுந்து வந்த நாற்காலியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அதில் யாரும் இல்லை. அதன் கைப்பிடிமேல் அவருடைய செத்த இடக்கை கிடந்தது. விரல்கள் ஒவ்வொன்றாக விலகின. இடுக்குகளில் தோல் அமுங்கி வெளுத்தது, யாரோ விரல் கோத்து இறுக்குவதுபோல, இன்னும் இறுக்குவதுபோல.