வாசலில் செருப்பு இல்லை

"ஐயோ... மனேஜர்!"

இறால் உரிக்கும் பெர்னடெட் போட்ட கூச்சலில் குருநகர் இறால் கம்பனியே திடுக்கிட்டது!

அவள் திறந்த குளிரறைக்குள் மனேஜர் கேதீஸ்வரன் விறைத்துப்போய்க் கிடந்தார். உதடெல்லாம் நீலம். ஆனால்... உயிர் இருந்தது!

வெளியே இழுத்து, சாக்கால் சுற்றி, சுடச்சுடத் தேத்தண்ணி பருக்கினார்கள். வாய் திறந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை...

"சுபாஸ்! உவன்தான் என்னை வைச்சுப் பூட்டினவன்!"

இன்ஸ்பெக்டர் அடைக்கலநாதன் வந்தார். சுபாஸின் கையில் விலங்கு ஏறியது.

இந்தக் கேதீஸ்வரனைப் பற்றிச் சொல்ல வேண்டும். 'நாங்கள் ஒரே குடும்பம், ஒரே ரீம்' என்று சுவர் முழுக்கப் பலகை மாட்டுவார். அப்புறம் ஒவ்வொருவரையும் தனியே கூப்பிட்டு, மற்றவனை வேவு பார்க்கச் சொல்லுவார். த்தூ! இதுவும் ஒரு பிழைப்பா?

அவர் பிரித்து வைத்தவர்களை ஒன்று சேர்த்தவன் சுபாஸ். போன கிழமை வசந்தினியை வேலையால் நிறுத்தியபோது, மொத்தப் பேரும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்கள். ஓர் இறால்கூட உரிபடவில்லை! அவளைத் திருப்பிக் கூப்பிட வேண்டியதாயிற்று. மனேஜருக்கு அந்த எரிச்சல் ஆறவேயில்லை.

"கதவைப் பூட்டினது நீயோடா?" இன்ஸ்பெக்டர் உறுமினார்.

"ஓம் சேர், பூட்டுறது என்ர வேலைதானே. வாசல்ல செருப்பில்லை... அதால பூட்டினன்."

"என்ன செருப்பு?"

பெர்னடெட் முன்னே வந்தாள். "உள்ள போற ஆள் செருப்பை வாசல்ல கழட்டிப்போட்டுத்தான் பூட்ஸ் போடுறது சேர். செருப்புக் கிடந்தா ஒருத்தரும் பூட்டமாட்டம். எங்கடை உயிருக்கு அதுதான் காவல்!"

"நானும் சப்பாத்தைக் கழட்டி வைச்சனான்!" கேதீஸ்வரன் கத்தினார். "உவன்தான் எடுத்து ஒளிச்சவன்!"

"வெக்கமில்லையோ உங்களுக்கு!" பெர்னடெட் வெடித்தாள். "காலைப் பாருங்கோ!"

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

சாக்குக்கு வெளியே... பளபளவென்று கறுப்புச் சப்பாத்து! அவர் காலிலேயே!

"அ... அவசரத்தில கழட்ட மறந்திட்டன்..."

"மறக்கேல்லை சேர்!" மனேஜரின் கந்தோரில் வேலை பார்க்கும் டிலக்ஷி குறுக்கிட்டாள். "உவர் வேணுமெண்டுதான்..."

"வாயைப் பொத்தடி! சொன்ன மாதிரி நீ உடனை வந்து திறந்திருந்தா, நான் ஏன் விறைக்கப்போறன்!"

சொல்லிவிட்டுத்தான் கேதீஸ்வரன் நாக்கைக் கடித்தார்.

எல்லோர் கண்ணும் டிலக்ஷி பக்கம் திரும்பியது.

"சொல்லு பிள்ளை," என்றார் இன்ஸ்பெக்டர்.

"சுபாஸண்ணை பூட்டினதும் நான் திறந்து கூச்சல் போடோணுமாம். கொல்லப் பாத்தவன் எண்டு அண்ணையை உள்ள தள்ளலாமாம். எனக்கு மனம் வரேல்லை சேர்... கன நேரம் அழுதுகொண்டு நிண்டன். பிறகு பயந்துபோய், உள்ள ஆரோ நிக்கினம் எண்டு மட்டும் பெர்னடெட் அக்காட்டைச் சொன்னன்."

பெர்னடெட் அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். சுபாஸின் கையிலிருந்த விலங்கு கழன்று, மனேஜர் கைக்கு மாறியது.

"இன்ஸ்பெக்டர்... இந்தக் கம்பனியில நான் நம்பினது உவள் ஒருத்தியைத்தான்!" கேதீஸ்வரன் புலம்பினார்.

அடைக்கலநாதன் ஜீப்பின் கதவைத் திறந்துவிட்டார்.

"கவலைப்படாதேங்கோ மனேஜர்! ஸ்டேசன் கூட்டுக்குள்ளை ரெண்டு கள்ளரும் ஒரு சண்டியனும் இருக்கினம்... போய் அவையளோடை நல்ல ரீம் ஒண்டு கட்டுங்கோ!"