பரிதி திட்டாத ஒரே கேம்

மர்யமின் ஆட்டைப் பார்க்கத்தான் கணினி அறையில் அத்தனை கூட்டம்.

அது உயிருள்ள ஆடு இல்லை. குழந்தைகள் தின விழாவுக்கு ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு கேம் செய்ய வேண்டும் என்று விஜயலட்சுமி டீச்சர் சொல்லியிருந்தார். மர்யமின் கேமில் ஓர் ஆடு திருவையாறு பஸ் ரோட்டைத் தாண்ட வேண்டும்.

அதைத் திட்டிக்கொண்டிருந்தான் பரிதி. யார் கேம் செய்தாலும் முதலில் விளையாடிப் பார்ப்பான். பிறகு தண்ணீர் பாட்டிலை மைக்காகப் பிடித்துக்கொண்டு குறை சொல்வான். யாரும் கொடுத்த வேலை இல்லை, அவனே எடுத்துக்கொண்டது.

“நேயர்களே, இந்த ஆட்டுக்கு நாலு காலும் ஒரே பக்கம் இருக்கு. பஸ் மோதுனா ஆடு அப்படியே நிக்குது, பஸ்ஸைத்தான் காணோம். டிரைவர் அண்ணனை அவங்க வீட்டுல தேடுறாங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். மர்யமும் சிரித்தாள். சிரித்தவர்கள் அந்த ஆட்டைப் பார்க்க வரிசையில் நின்றார்கள்.

மறுநாள் மர்யம் ஆட்டின் காலைச் சரிசெய்தாள். கூடவே, டிரைவர் பஸ்ஸை விட்டு இறங்கி வந்து ஆட்டைத் திட்டும்படி வைத்தாள். வரிசை வாசல்வரை நீண்டது.

பக்கத்துக் கணினியில் வேம்பு தனியாக உட்கார்ந்திருந்தாள். அவளுடையது நடவு கேம். பச்சை வயல், சிவப்புச் சேலை கட்டிய அம்மா, கையில் நாற்று முடிச்சு, ஓரத்தில் ஒரு கொக்கு. கொக்கின் காலை வரைவதற்குள் அவளுக்குக் கழுத்தே வலித்துப்போனது.

அதை விளையாடிவிட்டுப் பரிதி சொன்னது, “நல்லாருக்கு.” அவ்வளவுதான். பாட்டிலைக்கூடக் கையில் எடுக்கவில்லை.

விழாவுக்கு வேம்புவின் அம்மா வருவதாகச் சொல்லியிருந்தாள். தாளடி நடவு மும்முரமாக நடக்கிற நேரம், ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வருகிறாள். வந்து பார்த்தால் மகளுடைய கேம் முன்னால் ஈ காக்கை இருக்காது. நினைக்க நினைக்க வேம்புவுக்கு வயிறு எரிந்தது.

மர்யம் உப்புத் தொட்ட நெல்லிக்காயை நீட்டினாள். வேம்பு வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மர்யமின் மவுஸ் ஒயரைப் பிடுங்கிவிட்டால் என்ன என்றுகூடத் தோன்றியது. கை ஒயர்வரை போனது.

அப்போது பார்த்து டிரைவர் பஸ்ஸிலிருந்து இறங்கி, ஆட்டிடம் கையை ஆட்டி ஆட்டிச் சண்டை போட்டார். வேம்புவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிறு எரியும்போது சிரிப்பும் வந்தால் பெரிய தொல்லை. பரிதி திட்டியதால் வந்த டிரைவர்தானே இவர்?

கையை எடுத்துக்கொண்டு நேராகப் பரிதியிடம் போனாள்.

“என் கேமை ஏன்டா திட்டல?”

“போன தடவ நீ வரைஞ்ச காக்காவைத் தோசைக்கல்லுன்னு சொன்னேன். நீ அழுதுட்டு சோறு திங்கல. டீச்சர் என்னைய வெளில நிக்க வெச்சாங்க. இனிமே உனக்கு எல்லாமே நல்லாருக்குதான்.”

“இப்ப அழ மாட்டேன். திட்டு.”

“கண்ணு இப்பவே கலங்குதே.”

“அது பாட்டுக்குக் கலங்கும். நீ திட்டு.”

பரிதி பாட்டிலை எடுத்தான்.

“நேயர்களே, இந்த அம்மா முன்னால நடந்துக்கிட்டே நடுறாங்க. நட்ட நாத்தையெல்லாம் அவங்களே மிதிச்சுட்டுப் போறாங்க. அப்புறம், காலையிலேருந்து ஒரு தடவகூட நிமிரல. இடுப்பைக் கழட்டி வரப்புல வெச்சுட்டு வந்துட்டாங்க போல. கொக்கு மட்டும் அழகு. அதுவும் இந்த நடவைப் பாத்துட்டுப் பேச்சு மூச்சில்லாம நிக்குது.”

அறையே சிரித்தது. வேம்புவின் காது சுட்டது. ஆனால் அவன் சொன்னது சரி. வயலில் அம்மா பின்னால் போய்க்கொண்டேதான் நடுவாள். வேம்பு விளையாடிய கேம்களில் எல்லோரும் முன்னால் ஓடினார்கள். அந்தப் பழக்கத்தில் செய்துவிட்டாள்.

உட்கார்ந்து மாற்றினாள். இப்போது சிவப்புச் சேலை அம்மா பின்னால் நடந்தாள். முதுகில் கண் இல்லையே. நண்டு வளையில் கால் மாட்டியது. வரப்பு தடுக்கி, சேற்றில் தொபுக்கென்று உட்கார்ந்தாள். நடுநடுவே நிமிர்த்தாவிட்டால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, “நீ வந்து நட்டுப் பாரு” என்று விளையாடுகிறவரைத் திட்டினாள்.

விழா அன்று அம்மா வந்தபோது வேம்புவின் கணினி முன்னால் பெரிய வரிசை. அம்மாவும் பிள்ளைகளோடு வரிசையில் நின்றாள். அவள் முறை வந்ததும் கேமில் இருந்தவள் சேற்றில் விழுந்தாள்.

“போன வாரம் நான் விழுந்தத உனக்கு யாருடி சொன்னது?” என்று அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஆட்டின் முன்னால் அன்று கூட்டம் இல்லை. மர்யம் நெல்லிக்காயோடு மெல்ல வந்தாள். பரிதியிடம், “என் ஆட்டை மறுபடி ஒரு தடவ திட்டேன்” என்றாள்.

வேம்பு நெல்லிக்காயை வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள்.

“அவன் எதுக்கு, நான் திட்டுறேன். மொதல்ல உன் ஆட்டுக்கு வால் எங்கடி?”